இரண்டு நாள் விடுப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு கௌஷிக் லிண்டன்ராட் ஸ்டேஷனில் இறங்கினான். பிராங்பேர்ட்டிலிருந்து ஃபுல்டா வரை பெரிய ரயில், அங்கிருந்து இரண்டே பெட்டி கொண்ட குட்டி ரயில். அந்த ஸ்டேஷனில் இறங்கியவன் அவன் ஒருவன்தான். நவம்பர் மாதம் என்பதால் அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. பிளாட்பாரம் ஈரமாக இருந்தது. எங்கோ விறகு எரிகிற வாசனை வந்தது. அவன் கையில் ஒரு காலிப் பெட்டி. ஹரிப்ரியாவின் சாமான்களை அதில் அடைத்து, அவளையும் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தான்.

ஹரிப்ரியா அவன் மனைவி. சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பழைய ஜெர்மன் கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் தடுக்காமல் படிப்பாள். எல்லையோர மாவட்டமான லிண்டன்ராட், போருக்குப் பின் தன்னை ஆண்ட முதல் தலைவர் ஓட்டோ ரைமனின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆள் தேடியபோது, ஆறு மாத ஒப்பந்தத்தில் அவளைப் பிடித்துப் போட்டுக்கொண்டது; தங்க, ஊருக்கு மேலே மலையில் இருந்த அவருடைய வீட்டையே கொடுத்தது. உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த 2006-ஆம் வருடம் மே மாதம் வந்தாள். போன புதன்கிழமையோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கௌஷிக்கைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல பையன், கெட்டிக்காரன், வங்கி ஒன்றுக்குக் கணினி வேலை பார்த்துக் கை நிறையச் சம்பாதிக்கிறவன். ஆனால் பொறாமைக்காரன். கல்யாண ஆல்பத்தில் அவள் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி நின்ற அத்தை மகனைப் பொறுக்காமல், ஆல்பத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தையே எடுத்து ஒழித்தவன். ஹரிப்ரியா அப்போது சிரித்துவிட்டு விட்டாள். தன்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டாள். அவனும் அதை ஆசை என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு டாக்சி. ஓட்டுநர் புவனேந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இந்த ஊரில் இருப்பவர்.

“ஏறுங்கோ தம்பி. மேல் வீட்டுக்குத்தானே?”

“ஆமாண்ணா. ஹரிப்ரியாவைப் பாத்தீங்களா?”

“நாலு கிழமையா, ஒரு மாசமாவே காணேல்லை. முந்தி சனிக்கிழமையிலை சந்தைக்கு வருவா, கண்டால் நிண்டு கதைப்பா. இப்ப படலைக்கு வெளியிலை கால் வைக்கிறேல்லை எண்டு சனம் சொல்லுது.”

கார் மலைச்சரிவில் ஏறியது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். அதற்கப்பால் நாலு கிலோமீட்டர் தூரத்தில்தான் அந்தக் காலத்தில் இரண்டு ஜெர்மனிகளைப் பிரித்த எல்லை இருந்தது. வீடு தெரிந்ததும் புவனேந்திரன் வண்டியை நிறுத்தினார். வாசலுக்கு இன்னும் நூறு அடி இருந்தது.

“நான் இதுக்கு மேலை போறேல்லை, தம்பி. குறை நினையாதேங்கோ.”

“ஏண்ணா?”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எண்பத்தஞ்சாம் ஆண்டு அகதியா என்னை இந்த மாவட்டத்திலை கொண்டுவந்து விட்டவை. அப்ப எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட ஏலாது. தாண்டிறதெண்டால் அன்ட்ராக் எழுதிக் குடுக்க வேணும், அதுதான் விண்ணப்பம். எசன் நகரத்திலை என்ரை அக்காவுக்குக் கலியாணம். எழுதிக் குடுத்தன். ஏலாது எண்டு பச்சை மையிலை எழுதித் திரும்பி வந்தது. எந்த ஐயா எழுதினது எண்டு கந்தோரிலை போய்க் கேட்டன். பச்சை மை மாவட்டத் தலைவர் லாண்ட்ராட் ஒருத்தருக்குத்தானாம். அப்ப இருந்த லாண்ட்ராட்டோ இரண்டு மாசமா ஆஸ்பத்திரியிலை.”

“அப்ப யாரு எழுதினது?”

“தெரியேல்லை. எழுத்து இடப்பக்கமாச் சரிஞ்சு கிடந்தது. இடக்கையாலை எழுதின மாதிரி.”

கௌஷிக் சிரித்துவிட்டு இறங்கினான். அரசாங்க அலுவலகங்களில் எந்தக் கூத்துதான் நடக்காது!

ஹரிப்ரியாதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் சுருங்கியது. உள்ளே நனைந்த கம்பளியும் பழைய சுருட்டும் கலந்த ஒரு வாடை. ஜன்னல் எதையும் திறப்பதில்லை போலிருந்தது.

“ஷூவை இங்கயே கழட்டிடு கௌஷி. மரத்தரை. சத்தம் போட்டா அவருக்குப் பிடிக்காது.”

“எவருக்கு?”

“ரைமனுக்குத்தான்.”

ஓட்டோ ரைமன் செத்து முப்பத்தைந்து வருடமாகிறது.

அந்த ‘அவருக்கு’ கௌஷிக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண், பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்றால் யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஹரிப்ரியா கௌஷிக்கை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்கு அவள் ‘டா’தான் போடுவாள், மாமியார் முன்னாலும் பெயர்தான். அவனும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது, கட்டின புருஷனுக்குக் கொடுக்காத அந்த வார்த்தையை, ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்கு, அதுவும் செத்த கிழவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட வேண்டுமாம். ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் ரைமனின் கதையைச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்; நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

ரைமன் ஒரு காட்டிலாகா குமாஸ்தாவின் மகன். போரில் ரஷ்யப் பனியில் வலது கையைத் தோளோடு இழந்தார். ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் படுத்துக்கொண்டே இடது கையால் எழுதப் பழகினார். ஊர் திரும்பியபோது நாடு தோற்று, அமெரிக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஆள், நாஜிக் கட்சிக்காரர் இல்லை என்று அவரைப் பிடித்து லாண்ட்ராட் ஆக்கினார்கள். நம் ஊர்க் கலெக்டர் மாதிரி. மாவட்டத்தின் நடுவில் கோடு விழுந்தது. பதினொரு கிராமங்கள் அந்தப் பக்கம் ரஷ்யர்களிடம் போயின. யார் அந்தப் பக்கம் போகலாம், யார் கூடாது என்பது அவர் பேனாவில் இருந்தது. வயலுக்குப் போகிறவனுக்குச் சீட்டு, சாவுக்குப் போகிறவனுக்குச் சீட்டு, பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஏழு நாள் யோசித்துச் சீட்டு. அகதிகளாக வந்தவர்களுக்கு வீடு கட்டினார், பாலம் போட்டார், பள்ளிக்கூடம் திறந்தார். இருபத்துநாலு வருடம் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

“இவ்வளவு பண்ணின மனுஷனுக்கு வீட்டுல நிம்மதி இல்ல, பாவம்” என்றாள்.

“பாவமா?”

“அவர் wife கெர்டா. நாளைக்குக் காட்டறேன்.”

“நாளைக்கு நாம கிளம்பறோம் ஹரி. உன் contract முடிஞ்சாச்சு.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே மிகவும் தாழ்ந்த குரலில், “இன்னும் permission வரலை” என்றாள்.

யாருடைய அனுமதி என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அந்த ‘அவர்’ மறுபடியும் வரும்.

சனிக்கிழமை காலை நல்ல வெளிச்சம். ஹரிப்ரியா அவனைக் கீழே ரைமனின் அலுவலக அறைக்குக் கூட்டிப் போனாள். பூட்டாத கதவுதான். ஆனாலும் விரல் மடக்கி இரண்டு தரம் தட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் திறந்தாள்.

கௌஷிக்குக்குக் கோபத்தில் காது சுட்டது.

பெரிய மேஜை, தோல் நாற்காலி, மேஜையின் இடது ஓரத்தில் ஒரு மரத்தட்டு. வருகிற காகிதங்களைப் போடுகிற தட்டு. பக்கத்தில் பச்சை மைக்கூடு. சுவரில் மாவட்டத்தின் வரைபடம்; எல்லைக் கோடு மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. ஹரிப்ரியா ஒரு நீலக் கோப்பைப் பிரித்தாள். உள்ளே ஒன்பது விண்ணப்பங்கள். எல்லாம் ஒரே பெண் கையெழுத்து.

“கெர்டா எழுதினது. அவளோட அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தா. அதே கிராமத்துலதான், கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த வாத்தியாரும் இருந்தான். அதனால இவர் விடல. ஊருக்கெல்லாம் எழுத்து மூலமா கேக்கச் சொல்றேன், என் பொண்டாட்டின்னா மட்டும் வாயால கேட்டா போதுமா, நீயும் எழுதிக் கேளுன்னார்.”

முதல் விண்ணப்பத்தில் அம்மாவைப் பார்க்க மூன்று நாள் கேட்டிருந்தாள். அடுத்ததில் ஒரு நாள். பிறகு அம்மாவின் சாவுக்கு அரை நாள். அதன்பின் எல்லைக்குப் போவதையே விட்டுவிட்டாள். சந்தைக்கு. கோயிலுக்கு. ஒன்பதாவது, பென்சிலில் எழுதியது: தோட்டத்தில் அரை மணி நேரம் நடக்க.

ஒவ்வொன்றின் அடியிலும் இடப்பக்கம் சாய்ந்த பச்சை எழுத்தில் ஒரே சொல். மறுக்கப்பட்டது.

“அப்புறம்?”

“அப்புறம் காகிதம் எதுவும் இல்ல. கடைசி மனு எழுதின வருஷம் மார்ச்ல இந்த வீட்டு மாடியிலேயே செத்துப்போனா.”

“இந்த ராஸ்கலைத்தான் பாவம்னியா?”

ஹரிப்ரியா சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். அவள் கை ஐஸாக இருந்தது. கண் அவனைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்தது. “இங்க வச்சுப் பேசாதே. அவர் ரொம்ப ஆசையா இருந்தார், அதான். விட்டா போயிடுவாளோன்னு பயம்” என்று முணுமுணுத்துவிட்டு, சமையலைக் கவனிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாள்.

கௌஷிக் தனியாக நின்றான். நியாயமாக அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். கெர்டாவுக்காக இல்லை, அவளை அவன் நினைக்கவே இல்லை. இந்தக் கிழவனின் ஆசையைப் பற்றி என் மனைவி எவ்வளவு பரிவாகப் பேசுகிறாள்! ஆறு மாதமாக என்னோடு பேசியதைவிட இவன் காகிதத்தோடு அதிகம் பேசியிருக்கிறாள். சரி, கலெக்டர் துரைக்கு எழுத்து மூலமாகக் கேட்டால்தானே பிடிக்கும்? கேட்டுவிடுவோம்.

நாற்காலியில் உட்கார்ந்தான். தாளை எடுத்தான். கிண்டலுக்குத்தான் எழுத ஆரம்பித்தான். மொழி வகுப்பில் கற்ற ஜெர்மனில் எழுதினான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் லீவ் லெட்டர் என்றால் கை தானாக ஓடும். எந்த மொழியானால் என்ன, அச்சு ஒன்றுதான்.

‘மதிப்புக்குரிய லாண்ட்ராட் அவர்களுக்கு. என் மனைவி ஹரிப்ரியா ஆறு மாதமாகத் தங்களிடம் பணியாற்றி வருகிறாள். அவளுக்கு வீட்டு நினைப்பும் எனக்குத் தலைவலியும் கண்டிருப்பதால், அவளுக்கு இரண்டு நாள் விடுப்பு அளித்து என்னுடன் அனுப்பிவைக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, கௌஷிக்.’

ஒரு தரம் படித்துப் பார்த்துச் சிரித்தான். தேதி போட்டான். மரத்தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மூன்று மணிக்கு, அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று திரும்பி வந்தான். ஹரி பார்த்தால் வருத்தப்படுவாள்.

அறையில் சுருட்டு வாசனை. பழைய வாடை இல்லை இது. இப்போது பற்றவைத்தது.

தாள் தட்டில் இல்லை.

மேஜை நடுவில், அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு நேராக இருந்தது. அவன் கையெழுத்துக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

‘அனுமதிக்கப்பட்டது. ஞாயிறு மாலை ஆறு மணி வரை.’

விரலால் தொட்டான். பச்சை விரலில் ஒட்டியது.

ஹரிதான் விளையாடுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். திரும்பினான். வாசற்படியில் அவள் நின்றாள், கோட்டு மாட்டி, கையுறை போட்டு. அவன் கொண்டுவந்த பெட்டி பக்கத்தில் இருந்தது.

“லீவு குடுத்துட்டாரா?” என்று கேட்டாள். பரீட்சை முடிந்த சிறுமியைப் போல் முகமெல்லாம் சந்தோஷம். “கூப்பிட்டுச் சொன்னார். நம்பவே முடியல கௌஷி. கெர்டாவுக்குக்கூட ஒரு தடவையும் குடுத்ததில்ல.”

“யாரு கூப்பிட்டுச் சொன்னது?”

அவள் படி இறங்கினாள்.

பெட்டியைத் தூக்கினான். காலியாக இருந்தது. இரண்டு நாளைக்கு என்ன துணி வேண்டும் என்று அவள் எதையும் எடுத்து வைக்கவில்லை.

ஃபோன் செய்ததும் வந்த புவனேந்திரன் நூறு அடி தள்ளியே காத்திருந்தார். ஹரிப்ரியா காரில் ஏறியதும் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஸ்டேஷன் வாசலில், அவளை எழுப்புவதற்கு முன், அவர் கௌஷிக்கைத் தனியாக அழைத்தார்.

“எப்பிடி விட்டது அந்த வீடு?”

கௌஷிக் நடந்ததைச் சிரிப்புக் கதையாகச் சொன்னான். புவனேந்திரன் சிரிக்கவில்லை.

“எத்தினை நாள் கேட்டனீங்கள்?”

“ரெண்டு நாள். சும்மா, லீவ் லெட்டர்ல போடற மாதிரி...”

“ஐயோ தம்பி. உங்கடை மனுசிக்கு நீங்கள் ஏன் லீவு கேட்டனீங்கள்? இரண்டு நாள் கேட்டால், மிச்ச நாளெல்லாம் அந்தாளுக்கெண்டு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரியெல்லோ? அந்தாளுக்கு இவவிலை என்ன உரித்து இருந்தது? ஒண்டுமில்லை. நீங்கள் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டீங்கள்.”

“ரெண்டு நாளுக்கு அப்புறம் அனுப்பலைன்னா என்ன பண்ணுவார்?”

“எனக்குத் தெரியாது. ஆனால் கதவைப் பூட்டி மட்டும் வைச்சிராதேங்கோ, தம்பி. அவவை எங்கையாவது தூரமாக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ தானா நடந்து போகட்டும்.”

கௌஷிக் தலையாட்டினான். மாவட்ட எல்லையைக் கடந்ததும் இந்தப் பேச்செல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தான். ஃபுல்டாவில் ரயில் மாறும்போது ஹரிப்ரியா அவன் தோளில் சாய்ந்து, “பசிக்குதுடா” என்றாள். அந்த ‘டா’ போதும் அவனுக்கு. ஜெயித்துவிட்டோம் என்று பூரித்துப் போனான்.

அந்த இரவும் மறுநாள் காலையும் பழைய ஹரிப்ரியாதான். தோசை வார்த்தாள். அவன் முடியைப் பிடித்து இழுத்தாள். மைன் நதிக்கரையில் நடந்தபோது வாத்துகளுக்கெல்லாம் அவன் அலுவலக நண்பர்களின் பெயரை வைத்துக் கூப்பிட்டாள். பகல் ஒரு மணிக்கு, ஊரில் ஹோட்டல் வைத்திருக்கும் கிருஷ்ணசாமி மாமாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள்.

நாலரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க கிளம்பற?”

“ஆறு மணிக்குள்ள போகணும் கௌஷி. இப்பவே லேட். நல்லவேளை கார் வருது.”

“எந்தக் கார்?”

“அவர் அனுப்பறார்.”

புவனேந்திரன் சொன்னது அவனுக்கு நினைவு வராமல் இல்லை. நன்றாகவே நினைவு வந்தது. அவளைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிப் போய், விமான நிலையத்துக்கோ எங்கேயோ, கால் போன போக்கில் போயிருக்கலாம். ஆனால் வெளியே விட்டால் அவள் எந்தப் பக்கம் நடப்பாள்? தன் பக்கமா, அந்தக் கிழவன் பக்கமா? அந்தச் சந்தேகம் வந்தபின் அவனால் நிதானமாக யோசிக்க முடியவில்லை. எழுந்துபோய்க் கதவை இரண்டு சுற்றுப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக அடைத்தான்.

ஹரிப்ரியா அவன் பூட்டுவதைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. “நீயுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“உன் நல்லதுக்குத்தான்.”

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நனைந்த கம்பளி வாடை வந்தது.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கீழே தெருக்கதவு திறந்து மூடியது.

படிக்கட்டில் காலடி.

கனத்த பூட்ஸ். அவசரமே இல்லாத நடை. ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நின்று, வரிசையாக எல்லாக் கதவுகளின் பெயர்ப் பலகையையும் படித்துவிட்டு வருவது போல் வந்தது.

முதல் மாடி.

இரண்டாவது மாடி.

மூன்றாவது மாடியில், அவர்கள் கதவுக்கு முன்னால், நின்றது.

கௌஷிக் கதவில் முதுகைச் சாய்த்து முட்டுக் கொடுத்தான். “தர மாட்டேன்” என்றான். மறுபடியும் சொன்னான். “அவ என் wife. தர மாட்டேன். எங்கயும் விட மாட்டேன். யார்கிட்டயும் விட மாட்டேன்!”

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். கோபம் இல்லை அதில். நெடுநாள் வேலை ஒன்று முடிந்தவனின் மூச்சு அது.

கதவின் அடியில் ஒரு தாள் நுழைந்தது.

காலடிகள் இறங்கின. மூன்று மாடியும் இறங்கித் தெருக்கதவு சாத்தியது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் யாருமில்லை. எங்கோ மாதா கோயிலில் ஆறு மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. ஹரிப்ரியா அதே நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள்.

தாளை எடுத்தான். அவனுடைய விண்ணப்பம்தான். அடியில் புதிதாக மூன்று வரி, பச்சையில்.

‘விடுப்பு முடிவின்றி நீட்டிக்கப்படுகிறது. காவல் பொறுப்பு விண்ணப்பதாரரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இனி இவள் தரும் மனுக்களை அவரே தீர்மானிப்பார்.’

முதல் வரியை மட்டும்தான் அவன் சரியாகப் படித்தான். சிரிப்பு பொங்கி வந்தது. போய்விட்டான்! கிழவன் விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து ஹரிப்ரியாவின் முன் மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“முடிஞ்சது ஹரி. இனிமே வரமாட்டார். நீ எனக்குத்தான்.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் கீழே போய்க் காத்தாட நின்னுட்டு வரட்டுமா? மூச்சு முட்டுது.”

போய்ட்டு வா என்றுதான் சொல்ல நினைத்தான். சாவியை எடுக்கப் பைக்குள் கைகூட விட்டுவிட்டான். ஆனால் கீழே தெரு இருக்கிறது. தெருவில் ஆட்கள் இருப்பார்கள். அவள் யாரையாவது பார்த்துச் சிரிப்பாள். கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. வாய் திறந்தது. வந்த குரல் அவன் குரல்தான், ஆனால் அவ்வளவு நிதானமாக அவன் ஒருபோதும் பேசியதில்லை.

“எழுதிக் குடு. பாக்கலாம்.”

ஹரிப்ரியா ஆச்சரியப்படவில்லை. எழுந்துபோய் மேஜையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து முதல் வரியை எழுதினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

“எவ்வளவு நேரம்னு போடட்டும், சொல்லுங்க?”

கௌஷிக் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நிமிடம் அதிகம் என்று அவனுக்குப் பட்டது.